மூன்றாவது சான்று

அக்டோபர் 6, திங்கள்

காலாண்டு மதிப்பெண்களைப் பதிவேட்டில் ஏற்றி முடித்தேன். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, நாற்பத்தொரு பெண்கள், நான் வகுப்பாசிரியை. தலைமையாசிரியை ஜெயக்கொடி அம்மா பதிவேட்டை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் பேனா முனையால் தொட்டுக்கொண்டே வந்து, ஒரே ஒரு பெயருக்கு எதிரில் புள்ளி வைத்தார். பச்சைப் புள்ளி. எங்கள் பள்ளியில் பச்சை மை அவருக்கு மட்டும்தான். மற்றவர்கள் அந்த நிறப் பேனாவைப் பைக்குள்கூட வைத்துக்கொள்வதில்லை.

இசக்கியம்மாள். கணக்கு 11, ஆங்கிலம் 14.

"இந்தப் பிள்ளை தேறுமா, குழலி?"

"இன்னும் ஆறு மாசம் இருக்கும்மா."

"நான் கேட்டது அதில்ல."

வாசல் சுவரில் எட்டு ஆண்டுகள் வரிசையாக எழுதியிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எதிரில் நூறு விழுக்காடு தேர்ச்சி. ஒன்பதாவது வரிக்கு இடம் விட்டு ஏற்கெனவே வெள்ளையடித்துவிட்டார்கள்.

வந்ததும் துணி ஊறவைத்தேன். சோப்பு தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 7, செவ்வாய்

வாதக் கட்டுரை எழுதப் பழக்கும் வேலையை இன்று தொடங்கினேன். நானே எழுதிய ஒரு பக்கக் கதையைப் படியெடுத்துக் கொடுத்தேன், வரிகளுக்கு எண் போட்டு. ஓர் ஊரில் தபால் அதிகாரி ஒருவர். ஒரு விதவைக்கு வந்த கடிதத்தை இருபத்தொரு நாள் மேசையிலேயே வைத்திருக்கிறார். கேட்டபோது மறந்துவிட்டேன் என்கிறார். கேள்வி: அவர் உண்மையில் மறந்தாரா?

நாற்பத்தொரு பேரும் ஒரே குரலில், "இல்ல டீச்சர்."

"ஏன்?"

"தோணுது டீச்சர்."

"யாருக்குத் தோணுது?"

"எல்லாருக்கும்தான்," என்றாள் ஷமீமா, வகுப்புத் தலைவி. சிரிப்பு.

கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினேன்: சொல், காட்டு, இணை. முதலில் உன் கருத்தைச் சொல். அடுத்து அதற்குப் பனுவலில் எந்த வரி சான்று என்று எண்ணோடு காட்டு. பிறகு அந்த வரியிலிருந்து உன் கருத்து எப்படி வருகிறது என்று இணை. "தோணுதுன்னு நோட்டுல எழுதினா மார்க் கிடையாது. எந்த வரி தோண வச்சதுன்னு எழுதணும். ஒரு வரியை வெட்டி எடுக்கும்போது, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் என்ன இருக்குன்னு படிச்சுட்டுத்தான் எடுக்கணும்."

"வக்கீலுக்குப் படிக்கச் சொல்லுதாவ," என்று பின் பெஞ்சில் யாரோ.

அக்டோபர் 8, புதன்

எதிர்பாராத ஒன்று. இசக்கி எழுந்தாள். பாடம் நடக்கும்போது அவள் எழுவது அபூர்வம்.

"மறந்துட்டேங்காரு டீச்சர். ஆனா ஒன்பதாவது வரியில, காலைல மேசையத் துடைக்கும்போது அந்தக் கடிதத்தையும் எடுத்துத் தூசி தட்டி அதே இடத்துல வச்சாருன்னு போட்டிருக்கு. தெனமும் கையில எடுக்கவரு எப்படி மறப்பாரு?"

கதைத் தாளை எடுத்து ஒன்பதாவது வரியைப் பார்த்தேன். அது ஏதோ மேசை சுத்தமாகத் தெரியட்டும் என்று நான் எழுதிய வரி. எழுதியவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மறக்கல டீச்சர், கொடுக்கப் பயம். தூக்கிப் போடவும் பயம். அதான் தூசி தட்டுதாரு."

"ஏட்டி, உங்க மாமாவா அவரு? கூட இருந்து பாத்த மாதிரி பேசுத!" ஷமீமாதான். இசக்கி அவளை முழங்கையால் இடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அக்டோபர் 9, வியாழன்

கட்டுரை நோட்டுகள் திருத்தினேன். தலைப்பு 'அடுத்த ஆறு மாதம்'. இசக்கி ஐந்தே வரி எழுதியிருந்தாள். அரையாண்டில் கணக்கில் முப்பத்தைந்து எடுப்பாளாம். ஷமீமா தினமும் மாலையில் சொல்லித் தருகிறாளாம். அடியில் 'நன்று' என்று எழுதித் தேதி போட்டேன்.

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து மழை. குடையைச் சக ஆசிரியை ரெங்கநாயகி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். மூன்று மணிக்கு விட்டு, நல்ல வெயில். நாலரைக்கு ஒரு பெற்றோர் வந்தார். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். திருத்தம் வந்ததால் மறுபடியும் படியெடுக்க வேண்டியதாயிற்று. சான்றிதழ் நனையாமலிருக்க ஒரு தாளில் சுற்றிக் கொடுத்தேன். முட்டை வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 13, திங்கள்

இசக்கியின் இடம் காலி.

"மாற்றுச் சான்றிதழ் வாங்கிட்டுப் போயிட்டா. குடும்பச் சூழல்," என்றேன். யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

ஷமீமா எழுந்தாள். "அவ எங்கிட்ட சொல்லலியே டீச்சர்."

"சில விஷயம் சொல்ல மாட்டாங்க."

உட்கார்ந்துவிட்டாள். நான் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு இழுத்தேன். நாற்பது.

அக்டோபர் 15, புதன்

எழுதத் தெரியாத பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதித் தருவது எங்கள் பள்ளியில் வழக்கம். தமிழாசிரியை என்பதால் பெரும்பாலும் என்னிடம்தான் அனுப்புவார்கள். விடுப்பு, சாதிச் சான்று, பேருந்துச் சலுகை, எல்லாம். அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன், அவர்கள் கையெழுத்திடுவார்கள். இதில் ஒன்றுமில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். உங்களைச் சுற்றி எழுத்தில் உள்ள எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, கடிதம். அதிலிருந்து சான்று காட்டி ஒரு வாதக் கட்டுரை. கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை என்று நானேதான் சொன்னேன்.

அக்டோபர் 20, திங்கள்

வீடு. அம்மா முறுக்குச் சுற்றிக்கொண்டே, "உன் வேலைக்கு ஒப்புதல் வந்துட்டா?" என்றாள். அரசு ஒப்புதல் வராதவரை என் பணி பள்ளி நிர்வாகத்தின் தயவில்தான் இருக்கிறது. கோப்பு ஜெயக்கொடி அம்மாவின் மேசையில் இருக்கிறது. இரண்டு வருடமாக. "வரும்மா," என்றேன்.

கொண்டு வந்த நாவலில் பத்துப் பக்கம்கூட நகரவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கட்டுரைகள் வந்துவிட்டன. ஒருத்தி, தன் ஊருக்கு வர வேண்டிய பேருந்து வருவதே இல்லை என்பதற்கு நிறுத்தத்தில் எழுதியிருக்கும் கால அட்டவணையையே சான்று காட்டியிருக்கிறாள். இன்னொருத்தி, அக்காவின் கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் படிப்பை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று. படிக்கப் படிக்க மகிழ்ச்சியாக இருந்தது.

ஷமீமாவினுடையது அடியில் இருந்தது. தலைப்பு: 'இசக்கியம்மாள் தானாகப் பள்ளியை விட்டுப் போகவில்லை.'

முதல் சான்று: இசக்கியின் கட்டுரை நோட்டு, அக்டோபர் 9, மூன்றாவது வரி. 'அரையாண்டில் கணக்கில் முப்பத்தைந்து எடுப்பேன்.' மறுநாள் பள்ளியை விட்டுப் போக நினைப்பவள் இப்படி எழுதமாட்டாள். இதற்கு ஆசிரியை 'நன்று' என்று எழுதியிருக்கிறார்.

இரண்டாவது சான்று: மாற்றுச் சான்றிதழைச் சுற்றி இசக்கி வீட்டுக்கு வந்த தாள். அது ஒரு விண்ணப்பத்தின் முதல் படி. அதில் 'தாங்கள் அழைத்துக் கூறியதன்பேரில்' என்று கறுப்பு மையில் எழுதி, அதைப் பச்சை மையில் அடித்து, மேலே 'எனது சொந்த விருப்பத்தின்பேரில்' என்று திருத்தியிருக்கிறது. அடித்த வரிதான் உண்மை. பொய்யைத் திருத்தி உண்மையாக்க யாரும் பச்சை மை தேட மாட்டார்கள்.

மூன்றாவது சான்று: பிறகு நான்கு வரி வெற்றிடம். அதன் அடியில் சிறிய எழுத்தில், 'கறுப்பு மை யாருடையது என்று எனக்குத் தெரியும். எழுதவில்லை.'

நோட்டை மூடிவிட்டேன். மதிப்பெண் போடவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

நடந்தது இது. 10ஆம் தேதி இசக்கியின் அம்மா பூமாரி வந்தார். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. முடியெல்லாம் பஞ்சு. ஜெயக்கொடி அம்மா அவரை வரச்சொல்லி, "உங்க பிள்ளை தனித்தேர்வரா எழுதட்டும், அதுக்குத்தான் நல்லது," என்று முன்பே சொல்லி முடித்திருந்தார். பூமாரி என்னிடம் வந்து, "அவுக கூப்பிட்டுச் சொல்லுதாவ, வாங்கிக்கிடுதேன்னு எழுதும்மா," என்றார். சொன்னபடி எழுதினேன். ஜெயக்கொடி அம்மாவின் அறைக்குப் போனது. திருத்தத்தோடு திரும்பி வந்தது. எதையும் திருத்தாமல் கீழே வைக்கமாட்டார் அவர். நான் திருத்தியபடி மறுபடி எழுதினேன். அந்தப் படி கோப்பில் இருக்கிறது. பூமாரி கையெழுத்திட்டார். எழுத்து எழுத்தாகக் கோத்து, ஒரு நிமிடம் ஆனது.

"இப்ப என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"அதேதான்," என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

ஷமீமா நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கரும்பலகையைத் துடைக்கிறாள், நோட்டுகளை அடுக்குகிறாள், 'வணக்கம் டீச்சர்' என்கிறாள். அவளுடைய நோட்டு மட்டும் என் பைக்குள் போவதும் வருவதுமாக இருக்கிறது.

தினமும் கையில் எடுக்கிறேன்.

நவம்பர் 6, வியாழன்

பூமாரி அந்தத் தாளோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்துவிட்டார். மனுவை எழுதியவள் ஷமீமா என்று பள்ளி முழுக்கத் தெரிந்திருக்கிறது. 12ஆம் தேதி விசாரணை. 14ஆம் தேதி பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் மூடப்படும். அதற்குள் இசக்கி பெயர் ஏறாவிட்டால் இந்த வருடம் அவள் பள்ளி மாணவியாகத் தேர்வெழுத முடியாது.

ஜெயக்கொடி அம்மா அறைக்கு அழைத்தார். உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"இது பிள்ளைங்க வேலை, குழலி. அந்த ஷமீமா கெட்டிக்காரி. உங்க எழுத்தைக் கரும்பலகையில பாத்துப் பாத்துப் படிச்சிருக்கா. பச்சைப் பேனா எந்தக் கடையிலயும் கிடைக்கும். அப்படித்தானே?"

நான் காபியைப் பார்த்தேன்.

"நான் யாருக்கும் கெட்டது பண்ணல. இசக்கி இங்கேருந்து எழுதி ஃபெயிலானா ஊரே சிரிக்கும். வெளியேருந்து எழுதினா யாருக்குத் தெரியப்போகுது? பள்ளிக்கூடத்துக்கு மேல்நிலை கேட்டு எழுதியிருக்கோம். ஒரு பிள்ளையால அது நின்னா, நாளைக்கு முந்நூறு பிள்ளைங்க பஸ் ஏறி வெளியூர் போகணும்." குரலில் உண்மையான களைப்பு இருந்தது. அதுதான் கஷ்டம். "உங்க ஒப்புதல் கோப்பை இந்த வாரம் அனுப்பலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

கோப்பு மேசைமேல் இருந்தது. தூசி இல்லை.

"ஷமீமாவை என்னம்மா செய்வீங்க?"

"போலியா எழுதின பிள்ளையை என்ன செய்வாங்களோ, அது."

நவம்பர் 7, வெள்ளி

கணக்கு எடுக்கும் ரெங்கநாயகி அக்கா குடையைத் திருப்பிக் கொடுத்தார். கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து.

"பிள்ள, நான் ஒண்ணு சொல்லட்டா? ஞாபகம் இல்லன்னு சொல்லிரு. ஆயிரம் லெட்டர் எழுதுத, எது எதுன்னு எப்படித் தெரியும்? அது பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல."

"அக்கா, நீங்களா இருந்தா?"

"நானா? நான் கணக்கு டீச்சர். எனக்கு எழுதவே தெரியாதும்பேன்." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இசக்கிக்கு அந்தப் பதினொண்ணு போட்டது நான்தானே, பிள்ள. இன்னும் ரெண்டு கூடப் போட்டிருக்கலாம்," என்றார்.

நவம்பர் 10, திங்கள்

ஷமீமாவின் அத்தா பள்ளிக்கு வந்து, தலைமையாசிரியை அறை வாசலில் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். அவளை மூன்று நாள் வகுப்புக்கு வெளியே உட்கார வைக்க உத்தரவு. நடைபாதையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பாடம் நடத்தினேன். கதவு திறந்திருந்தது. என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கும். எதிர்த்தரப்பின் சான்றை மறைக்கக் கூடாது, அதையும் காட்டித்தான் மறுக்க வேண்டும் என்பது இன்றைய பாடம்.

நடுவில் பாடத்தை நிறுத்தினேன். தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்தேன்.

"டீச்சர்," என்றாள் தலை நிமிராமல், "நான் உங்க பேர எழுதல. மனுவிலயும் எழுதல."

"தெரியும்."

"எழுதியிருக்கணுமா?"

உள்ளே திரும்பிவிட்டேன். தண்ணீர் குடிக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

சட்டைத் துணி தைக்கக் கொடுத்ததை வாங்கி வந்தேன். தையல்காரர் கை அளவைத் தப்பாக வெட்டியிருந்தார். அதற்காக அவரோடு கால் மணி நேரம் சண்டை போட்டேன். நான் யாரோடும் சண்டை போடுகிறவள் இல்லை.

நவம்பர் 12, புதன்

கல்வி அலுவலர் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். தலைமையாசிரியை அறையில் ஜெயக்கொடி அம்மா, பூமாரி, இசக்கி, ஷமீமா, நான். இசக்கி சீருடையில் வந்திருந்தாள். தான் மாணவியாகவே இல்லாத பள்ளிக்குச் சீருடையில் வந்தவள்.

அலுவலர் தாளை மேசையில் விரித்தார். சுற்றிய மடிப்புகள் அப்படியே இருந்தன.

"டீச்சர், இது உங்க எழுத்தைப் பாத்து மாணவி எழுதினதுன்னு தலைமையாசிரியை சொல்றாங்க. உங்க எழுத்துப் போலவே இருக்கு. நீங்க சொல்லுங்க."

ஷமீமா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி அம்மா என்னைப் பார்த்தார். ஞாபகம் இல்லை என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. எவ்வளவு சின்ன சொல்.

"கறுப்பு மை என்னுடையது சார்."

நாற்காலி நகரும் சத்தம்.

"காட்ட முடியுமா?"

"கோப்பில் இருக்கிற இரண்டாவது படியை எடுத்துப் பாருங்க சார். அதுவும் என் எழுத்துதான். இரண்டையும் பக்கத்துல வச்சா, பச்சையில திருத்தின இடம் மட்டும்தான் மாறியிருக்கும். ஒரு மாணவி இதைப் போலியா எழுதியிருந்தா, பூட்டின கோப்புல என்ன இருக்குன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

கோப்பு வந்தது. அவர் இரண்டையும் வரி வரியாகப் படித்தார்.

"பச்சை?"

"என் முன்னாடி எழுதல சார். ஆனா தாள் அந்த அறைக்குப் போகும்போது பச்சை இல்ல. வரும்போது இருந்தது. மதிப்பெண் பதிவேட்டுல இசக்கி பேருக்கு எதிரிலயும் ஒரு பச்சைப் புள்ளி இருக்கு."

பூமாரி என்னிடம் திரும்பினார். "அதேதான்னு சொன்னியேம்மா."

"பொய் சொன்னேன்."

அவர் சேலைத் தலைப்பிலிருந்த பஞ்சைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

அலுவலர் எழுதி முடித்து நிமிர்ந்தார். "ஒண்ணு மட்டும் புரியல. வீணான படியை யாரும் கிழிச்சுப் போடுவாங்க. நீங்க ஏன் இதை அந்தம்மா கையிலயே கொடுத்தீங்க?"

"மழை சார். சான்றிதழ் நனைஞ்சிடும்னு."

அதையும் எழுதிக்கொண்டார்.

நவம்பர் 14, வெள்ளி

பிற்பகல் நான்கு மணிக்குப் பெயர்ப் பட்டியலில் இசக்கியின் பெயர் ஏறியது. ரெங்கநாயகி அக்கா கணினி அறையிலிருந்து வந்து, "நாப்பத்தொண்ணு," என்றார். அவ்வளவுதான்.

நாலே காலுக்கு நிர்வாகத்திடமிருந்து எனக்குக் கடிதம். பொய்யான விண்ணப்பம் எழுதியதற்கு விளக்கம் கேட்டு. நியாயமான கேள்விதான். பதினைந்து நாள் தந்திருக்கிறார்கள். ஒப்புதல் கோப்பு நிர்வாகத்துக்கே திரும்பிப் போய்விட்டதாம்.

நவம்பர் 16, ஞாயிறு

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். தேதிகள் சரிபார்க்க இந்த நோட்டைத் திறந்தேன். அக்டோபர் 10.

'மூன்று மணிக்கு விட்டு, நல்ல வெயில்.' அதே பக்கத்தில், மூன்றே வரி தள்ளி, 'நனையாமலிருக்க.'

மழை என்று விசாரணையில் நான் சொன்னது பொய். எனக்கே தெரியாமல் சொன்ன பொய் என்று எழுதலாம். ஆனால் இது என் எழுத்து, என் தேதி. இரண்டு வரிக்கும் நடுவில் மறுபடி மழை வந்ததாக எதுவும் இல்லை. அந்தத் தாள் யாராவது ஒருவர் கண்ணில் படட்டும் என்று கொடுத்திருக்கிறேன். நான் வாய் திறக்காமல் அது பேசட்டும் என்று. பேசத்தான் செய்தது. அதைச் சுமந்து நடைபாதையில் மூன்று நாள் உட்கார்ந்தவள் பதினைந்து வயதுப் பெண்.

ஷமீமாவின் நோட்டை எடுத்தேன். இருபது நாள் என்னிடம் இருந்திருக்கிறது. தபால் அதிகாரியைவிட ஒரு நாள் குறைவு. அந்த நான்கு வரி வெற்றிடத்தில் என் கறுப்பு மையால் எழுதினேன்: மூன்றாவது சான்று, வகுப்பாசிரியையின் நாட்குறிப்பு, அக்டோபர் 10. இரண்டு வரிகளையும் மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்து எழுதினேன். இடம் போதவில்லை. விளிம்பில் ஏறி எழுதினேன்.

நிர்வாகத்துக்கு எழுதும் விளக்கத்திலும் அதையேதான் எழுதப்போகிறேன். அலுவலருக்கும் ஒரு படி.

நவம்பர் 17, திங்கள்

வருகைப் பதிவேட்டில் நாற்பத்தொன்று. இசக்கி பழைய இடத்தில். பக்கத்தில் இருந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"ஏட்டி, சீருடைய துவைக்கவே இல்லையா இந்த ஒரு மாசமா?"

"கெடக்கட்டும், ராசியான சட்டை."

ஷமீமாவிடம் நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு இசக்கியிடம் தள்ளினாள். இசக்கி வரிக்கு வரி விரல் வைத்துப் படித்து முடித்து, எழுந்தாள்.

"அப்ப மழை இல்லையா டீச்சர்?"

"இல்ல."

"எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "அம்மா குடையே எடுத்துட்டு வரல. நனையாமத்தான் வீட்டுக்கு வந்தா."